கழுவிய கை

இன்று காலை சோதனைக் குழாயில் மருந்து விட்டேன். சற்று நேரத்தில் மேலே சிவப்பு வளையம் நின்றது. கூடவே அந்த நெடி. கனிந்து அழுகின வாழைப்பழத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினது போல. சிஸ்டர், உங்களுக்கு அது ஆகாது. லேப் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்த காச்சுறீங்க தம்பி உள்ள?" என்பீர்கள்.

கிளெப்சியெல்லா என்ற கிருமியில் சிவப்பு வளையம் வந்தால் அது ஆக்சிடோகா வகை. வராவிட்டால் பெரும்பாலும் அதன் பங்காளி, நிமோனியே. ஒரு நாள் பொறுத்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். அந்த ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று நீங்கள் வேலை பார்த்த ஐ.சி.யு.விலிருந்து, காய்ச்சல் கண்டவர்களுடையது என்று வந்த முதல் இரண்டு ரத்தத்துக்கும் வெறும் 'கிளெப்சியெல்லா' என்று எழுதி அனுப்பினேன். பெயரை முழுசாக எழுதியிருந்தால், அதிகம் வராத ஒன்று ஒரே வார்டில் இரண்டு முறை வந்திருக்கிறதே என்று யாராவது கேட்டிருப்பார்கள். முதலில் நானே கேட்டிருப்பேன்.

அந்தக் கிருமியைப் பற்றி உங்களிடம் பீற்றிக்கொண்டவன் நான்தான். எம்.எஸ்ஸி.யில் உங்கள் ஊர் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோள வேர் மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தேன். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த சர்க்கரையைக் கொடுத்தால், ரப்பர் செய்ய உதவும் ரசாயனத்தைப் புளிக்கவைத்துக் கொடுக்கும். இதையெல்லாம் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"அட, எங்க காட்டுல சம்பளம் வாங்காம வேல பாக்குறவனா? இங்க எதுக்கு வந்தானாம், நைட் டூட்டி பாக்கவா?"

"எடம் மாறுனா கொணம் மாறும் சிஸ்டர். வேர்ல இருந்தா உரம். ரத்தத்துல இருந்தா காய்ச்சல்."

"அப்ப அவன் மேல தப்பு இல்ல. கொண்டாந்து விட்டவங்க மேலதான்."

கொண்டு வந்து விட்டது எது என்பதையும் நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். ஏறி முடிந்த குளுக்கோஸ் பாட்டிலில் மிச்சம் இருந்தால், கை கழுவும் பேசினில் கொட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவார்கள். குப்பைப் பை ஒழுகினால் ஆயாம்மா திட்டும். அதனால் அது எல்லோருக்கும் வழக்கம்.

"தம்பி, அந்த பேசின்ல ஒரு வாட அடிக்குது. தண்ணியும் நின்னு நின்னு போவுது. ஒரு பஞ்சுக் குச்சி வுட்டு எடுத்துப் பாருங்களேன்."

"டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். சீட்டு இல்லாம நான் எடுக்க மாட்டேன்."

"சீட்டு இல்லன்னா மூக்கும் வேல செய்யாதா?"

நான் தலை நிமிரவில்லை. வேலை கிடந்தது.

மூன்றாவது நோயாளிக்கும் வந்ததும், நர்சுகள் கையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஸ்வாப் எடுக்கச் சொன்னார் பெரிய டாக்டர். ஆறு பேர். ஐந்து பேர் வார்டு வாசலில் இருக்கும் கை மருந்தைத் தேய்த்துக்கொண்டே வந்து நீட்டினார்கள். நீங்கள் மட்டும், "இருங்க, அழுக்குக் கையவா நீட்டுறது? கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனீர்கள். முழங்கை வரை சோப்புப் போட்டு, துடைத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினீர்கள். எந்தக் குழாயில் கழுவினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கிருமி வளர்க்கும் பிளேட்டுகளில் ஐந்தில் ஒன்றும் வளரவில்லை. உங்கள் பிளேட்டில் இளஞ்சிவப்பில் பளபளவென்று வளர்ந்திருந்தது.

மீட்டிங்கில் நான் இப்படிச் சொன்னேன்: "மூணு பேஷன்ட். ஒரே கிருமி. ஆறு பேர் கையில ஒருத்தர் கையிலதான் இருக்கு." சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"நல்லாத்தானே சார் கழுவுனேன்" என்றீர்கள்.

அன்றுவரை நான் உங்களுக்குத் தம்பி.

மறுநாளே உங்களை ஓ.பி.யில் சீட்டு எழுதப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஐ.சி.யு.வில் நான்காவது ஆளுக்கும் அதே காய்ச்சல் வந்தது. வரதராஜன்பேட்டைக்காரர், குடல் ஆபரேஷன். நீங்கள் ஐ.சி.யு. பக்கம் கால் வைத்தே மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்குப் பேசின் ஞாபகம் வந்தது. சீட்டு இல்லாமலே போய்க் குச்சியை விட்டு எடுத்தேன். நான்கு நோயாளிகள், ஃபிரிட்ஜில் வைத்திருந்த உங்கள் கை பிளேட், அந்த பேசின். ஆறு குழாய்கள், ஆறு சிவப்பு வளையம். நம்பாமல் என் கையைக் கீழ்த்தளத்துக் குழாயில் கழுவி எடுத்தேன். ஒன்றுமில்லை. அந்த பேசினில் கழுவி எடுத்தேன். வளர்ந்தது. தண்ணீர் நேரே ஓட்டையில் விழுந்து, அடியில் குளுக்கோஸ் குடித்துக் கிடந்ததைக் கை மேலேயே தெறிக்கவிட்டிருக்கிறது.

பேசினைப் பெயர்த்து எறிந்தார்கள். பெரிய டாக்டர், "மாத்தியாச்சுல்ல, விடுங்க. கிளறுனா பேஷன்ட் காதுக்குப் போவும்" என்றார். அவர் மேல் பழி போட மாட்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

உங்களிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று ஓ.பி. வராந்தாவுக்கு வந்தேன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள். "டீ சாப்ட்டீங்களா சார்?" என்றீர்கள். "சாப்ட்டேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு திங்கட்கிழமை போயிற்று. குற்றம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீங்கள் எழவேயில்லை என்று போன் வந்தது.

காரியத்துக்கு வேப்பந்தட்டை வந்திருந்தேன். உங்கள் மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். "கடைசில அம்மா கையெல்லாம் வெடிச்சுப் போச்சு சார். சோறு பெசஞ்சாலே எரியும்பாங்க. அப்பவும் நாலு தடவ சோப்பு போடுவாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கை சுத்தமாகத்தான் இருந்தது, பேசின்தான் கெட்டது என்றேன். கடைசிவரை கேட்டாள்.

"இத அம்மாட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா."

பாதி டீயோடு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த மாத மீட்டிங்கில் எழுந்து, நடந்தது முழுவதையும் எழுதிவைத்திருந்ததைப் படித்தேன். நான் சொன்னது தவறு என்று நோட்டில் எழுதவைத்தேன். "அவங்கதான் போயிட்டாங்களே" என்றார் ஒருவர். ஆமாம் என்று சொல்லிவிட்டு மீதியையும் படித்தேன்.

இன்று காலை வளையம் கட்டியது பிரசவ வார்டு பேசினிலிருந்து எடுத்தது. அங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. யாரும் சீட்டும் எழுதவில்லை. வாடை அடிக்கிறது என்று ஒரு நர்சுப் பெண் சொன்னாள், போனேன். தன் கையையும் பார்க்கச் சொல்லி அவளும் நீட்டினாள். குச்சியின் உறையைப் பிரிக்கும் முன் கேட்டேன்: "கை எங்கம்மா கழுவுன?"