களத்தில் பெய்யாத மழை

பாகூர்
மாசி 3

அன்புள்ள மகன் உலகநாதனுக்கு அம்மா எழுதுவது. ஆத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம், மெட்ராஸில் நீயும் சுலோசனாவும் என் பேத்தியும் சுகமாயிருக்கிற சேதியை எழுது. போன கடுதாசியில் நீ, அப்பா என்னோடு முகங்கொடுத்துப் பேசுகிறதில்லை, சினிமாவுக்குச் சத்தம் பண்ணுகிற இந்த வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாயே, அவசரப்படாதே, இதை முழுசாகப் படி.

நீ வேலை செய்த படம் நம்ம ஊர் கீற்றுக் கொட்டாய்க்கு வந்தது. சத்தம் போட்டுக் குடுக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா என்று ஏசிக்கொண்டே உங்கப்பாவும் முதலாட்டத்துக்கு வந்தார். கொட்டாய்க்கு எதிரே நம்ம களத்தில் நெல் குவிந்து கிடந்தது, வானத்தில் பொட்டு மேகமில்லை என்று படுதாகூட மூடவில்லை. படத்தில் அந்தப் பொண்ணு, புருஷன் வரலையே என்று தனியாகக் குந்தியிருக்கிறாள். பாட்டில்லை, பேச்சில்லை, அவள் முகமும் ஒரு விளக்கும்தான், மற்றதெல்லாம் இருட்டு. கொட்டாயில் ஒரு பிள்ளைகூட அழவில்லையடா. அப்போது தலைக்குமேலே ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அப்புறம் சடசடவென்று கூரை முழுக்க மழை. திரையில் மழையைக் காட்டவே இல்லை, கொட்டாய்க்காரன் ஸ்பீக்கர் பொட்டியைக் கூரைக் கீற்றை ஒட்டிக் கட்டியிருந்தானா, எங்களுக்கு இன்னா தெரியும். ஐயோ நெல்லு நனையுதே என்று உங்கப்பாதான் முதலில் எழுந்து ஓடினார், பின்னாலே பக்கத்துக் களத்து சுப்புராயன், அப்புறம் பாதிக் கொட்டாய். நானும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வெளியே தரை காய்ந்து கிடக்கிறது, வானம் பூரா நட்சத்திரம். உள்ளே மட்டும் மழை பெய்கிறது.

மாமா, உன் புள்ள உன்னையே ஓட வுட்டானே என்று சுப்புராயன் சிரித்தான். உங்கப்பா சிரிக்கவில்லை. நெல்லை மூட எடுத்த படுதாவைப் பிடித்தபடி கொட்டாயையே பார்த்து நின்றார், எப்படிடி பண்ணான் என்றார். தீபாவளிக்கு நான் கொடுத்தனுப்பிய முறத்தில் உளுந்தைச் சரித்துச் சரித்துப் பண்ணினதாக நீ எழுதியதைச் சொன்னேன். நம்ம வூட்டு முறமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கடைசிவரை உட்கார்ந்தார். நான் அஞ்சாங்கிளாஸ், எனக்கு விளக்கத் தெரியாது, கண்ணுக்குக் காட்டாமல் விட்டதாலேதான் காது அப்படி நம்பிற்றோ என்னமோ. தினம் புடைக்கிற முறத்துக்குள் அத்தனை மழை இருந்ததேடா, இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

நேற்று உங்கப்பா வில்லியனூர் சந்தைக்குப் போய், முறத்தையெல்லாம் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்து ஒன்று வாங்கி வந்திருக்கிறார். அங்கே வருகிற நம்ம தெருத் தனக்கொடியிடம் கொடுத்தனுப்புகிறேன், அடுப்படிக்கு எடுத்துவிடப் போகிறாள் சுலோசனா, சொல்லி வை. பேத்திக்கு வெள்ளிதோறும் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

இடியை எதில் பண்ணுவான் என்று உங்கப்பா கேட்டு எழுதச் சொன்னார். பதிலை அவர் பேருக்கே போடு.

உன் அம்மா
தையலம்மாள்