பதினான்கு பேரின் கைதட்டல்

அன்ரி,

புதுக் கொப்பிகளில் பெயர் எழுத மார்க்கரைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம். நீங்கள் போய் நாலு மாதம். இருக்கும்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். திட்ட மாட்டீர்கள் என்ற துணிச்சல்தான்.

நீங்கள் தஞ்சாவூர் மராத்திக் குடும்பம். சிட்னியில், கிரவீனில் எங்கள் பக்கத்து வீடு. எங்களோடு தமிழ், பூனாக்காரரோடு மராத்தி. இரண்டு மாதத்துக்கு ஒரு மராத்திப் படத்தை வரவழைத்து, செவன் ஹில்ஸ் மண்டபமொன்றில் ஞாயிறு மத்தியானம் போடுவீர்கள்.

"அன்ரி படம் காட்டுறா!" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிவேன்.

"என்னை ஓட்டுனது போதும், நாற்காலியைப் போடுடி" என்பீர்கள்.

படம் முடிந்ததும் இயக்குநருக்கு போன் எடுத்து, அதைத் தூக்கிப் பிடிப்பீர்கள். பூனாவில் கேட்கட்டும் என்று மண்டபமே கைதட்டும். அந்தச் சத்தம் பெரிதாக இருந்தால்தான் அடுத்த படம் வரும்.

போன வருடம் ஒரு படம் உங்களுக்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டது. தியேட்டரில் களவாகப் பிடித்த பிரதி. நடுவில் யாரோ எழும்பிப் போகும் தலைகூடத் தெரியும். என் வகுப்பு மராத்தித் தோழி தனக்கு ஒரு பிரதி கேட்டாள். நான் இருபது டிஸ்க் அடித்தேன். 'முன்வரிசைத் தலை இலவசம்' என்று மார்க்கரால் இங்கிலிஷில் எழுதியும் கொடுத்தேன். அவள் சொந்தக்காரருக்கெல்லாம் பரப்பினாள். எங்கள் வீட்டில் களவு டிஸ்கில் பார்த்த படத்தையே திரும்பத் தியேட்டரில் விசிலடித்துப் பார்ப்போம். மராத்திக்காரரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் அந்தப் படத்தைப் போட்ட அன்று மண்டபத்தில் நூற்றிருபது நாற்காலி. பதினான்கு பேர். எல்லாரும் வீட்டிலேயே பார்த்துவிட்டார்களாம், இனி எதற்கு என்று தோழியின் மெசேஜ் வந்தது. கைதட்டும் நேரம் நான் மூலைக்கு மூலை ஓடித் தட்டினேன். நீங்கள் மராத்தியில் ஏதோ சொல்லி போனை வைத்தீர்கள்.

"எத்தனை பேர்னு கேட்டார். பதினாலுன்னேன்."

"நூறெண்டு சொல்லியிருக்கலாமே அன்ரி!"

"படம் எடுத்தவர்கிட்ட பொய் சொல்றதா? அங்க வீட்டுக்கு வீடு டிஸ்க் சுத்துதாம். ரெண்டாம் வாரமே தியேட்டர்ல இருந்து தூக்கிட்டாங்க. இங்கயாவது ஓடும்னு நம்பியிருக்கார், பாவம்." நாற்காலியை மடக்கிக்கொண்டே, "தப்பு என்னோடதுடி. ஸ்கூல் லீவுல வச்சுட்டேன். சரியா சொல்லவும் இல்ல. என்ன, உன் வாய் எங்க போச்சு?"

அவசரமாக ஒரு வடையை வாய்க்குள் திணித்தேன்.

அதற்குப் பிறகு படம் வரவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அம்மாவிடம், "நான் ஒழுங்கா சொல்லியிருந்தா நின்னிருக்காது" என்றீர்கள். நான் கட்டிலருகில் தோடம்பழம் உரித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் ஒழுங்காகத்தான் சொன்னீர்கள், அன்ரி. வரவேண்டியவர்கள் வீட்டுக்கு உங்களுக்கு முன்னால் என் டிஸ்க் போய்விட்டது.

இயக்குநரின் நம்பரை உங்கள் மகளிடம் வாங்கினேன். இரண்டு தரம் எடுத்து, மணி அடிக்க முதலே வைத்துவிட்டேன். நம்பரை அழிக்கவில்லை. பெரிய பேச்சு ஒன்றும் தேவையில்லை. சிட்னியில் டிஸ்க் அடித்தது நான்தான் என்று இங்கிலிஷில் சொன்னால் அவருக்கு விளங்கும்.