எடை குறைந்த முடிசூட்டு நாணயம்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. உன் அப்பாவின் முடிசூட்டு நாணயங்கள் மொத்தம் பதினேழு. போலி, பூஜ்யம்.

அன்புள்ள வாலு, இங்கே எல்லோரும் நலம், சண்டை உட்பட. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆதாரம் இல்லை. அண்ணிக்கு முட்டிவலி தேவலை, மாடி ஏறி வந்தே என்னைத் திட்டுகிறார். இனி விஷயம். அண்ணன் காட்டிய அந்த ராஜா நாணயத்தை நாணய வியாபாரி தராசில் வைத்து, அரை கிராம் குறைகிறது, போலி என்றார். நீ போனில், இருபது வருஷமா தகர டப்பாவுக்குக் காவல் காத்தீங்களேப்பா என்று சிரித்தாய். அன்றிலிருந்து அண்ணன் உன் போனை எடுப்பதில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் உருக்கக் கொடுத்துவிடுகிறேன் என்று டப்பாவைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, எடையை மட்டும் பார்த்து உலோகத்தை எவனாவது முடிவு செய்வானா? பதினேழையும் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றாக நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தேன். ராஜாவின் அடர்த்தி 10.3, நாணய வெள்ளிக்கு இருக்கவேண்டிய அளவு, அசல். மற்றவையும் அசல்தான். ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ராஜாவின் கிரீடத்துக்கு மேலே விளிம்பில் அரம் போட்டு ராவிய கோடுகள். இந்த ராஜாவின் முடிசூட்டு விழா தள்ளிப்போனதால் பழைய தேதியோடு வெளியே வந்தவை நானூறுதான், மீதியை உருக்கிவிட்டார்கள், அப்பேர்ப்பட்டதை எந்தப் புண்ணியவான் ராவினான் என்று கேட்டேன். அண்ணன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் விடவில்லை. கடைசியில், அப்போ நம்ம வாலுவுக்கு ரெண்டு வயசு, அதைக் கையில வச்சுக்காம தூங்க மாட்டா, வளையம் பற்றவச்சுக் கழுத்துல போட்டேன், கடிக்க ஆரம்பிச்சதும் வளையத்தை எடுத்து, பற்றவச்ச இடத்தை ராவிட்டேன்டா என்றார். வியாபாரியிடம் சொல்ல வெட்கமாம். உன்னிடம் சொன்னால் நீ வருத்தப்படுவாயாம், சொல்லாதே என்றார். அதனால்தான் எழுதுகிறேன். வருத்தப்படு, அரை மணி நேரம் போதும். தெரியாத விஷயத்தில் முந்திக்கொண்டு நக்கலடிக்காதே, அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்தது என்று அண்ணி சொல்கிறார். ஒன்பது வயதுதான் மூத்தவன் என்றாலும் சித்தப்பா சித்தப்பாதான், ஆசி வாங்கிக்கொள்: படிப்பை முடித்து, நினைத்த வேலையில் சேர்ந்து, நிறைவாக இரு. சத்து மாத்திரையை மறக்காதே.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டுவேன். சாவி அண்ணியிடம்.
2. சோதனை முடிவை வியாபாரியின் மேஜையில் வைப்பேன். போலி என்ற வார்த்தையை அவர் வாபஸ் வாங்கும்வரை நகர மாட்டேன்.
3. இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும், உனக்குப் போன் போட்டு அண்ணன் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அவர் பேச மாட்டார். நீ பேசு.

உன் சித்தப்பா