பகுபடாத பந்தி

மழை பொய்க்காத நெடுவரை நாட்டின் காவலர், பகைவர் கனவிலும் வாளோடு வந்து நிற்பவர், எங்கள் இளவரசியாருக்கு மாமனாராகவிருக்கும் செங்குவளை அதியரையர் திருமுன், கொன்றைநாட்டு அமைச்சன் ஆரூரன் கண்டன் பன்முறை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கொற்றமும் வாழ்க. தங்கள் யானையும் வாழ்க, அதைப்பற்றிப் பின்னர்.

எங்கள் பந்தி விசாரிப்பாளன் பூதி நக்கன் காலைமுதல் படும் பாட்டைத் தாங்கள் அறியவேண்டும். வரிசைக்கு வரிசை இலை ஒத்திருந்தால்தான் எங்கள் நாட்டில் அது மணப்பந்தி. ஓர் இலை குறைந்தால் சாவுப்பந்தி. பந்தி ஒத்த பின்னரே சோறு விழும், சோறு விழுந்த பின்னரே மாலை மாற்றுவர். அழையாதவர் அமரலாகாது, வந்தமர்ந்தவரை வெளியே அனுப்பவுமாகாது. வந்திருப்போரோ ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதின்மர்.

நக்கன் நூறு நூறாய் அமர்த்தினான், பத்தொன்பதின்மர் மிஞ்சினர். ஐம்பது ஐம்பதாய் அமர்த்தினான். அதே பத்தொன்பதின்மர், அதே முறைப்பு. இருபது இருபதாய் அமர்த்தியபோது கடைசி வரிசையில் ஓர் இலை மட்டும் குறைய, பாவி மகன் ஐயோவென்று தூணில் முட்டிக்கொண்டான்.

கணித வல்லாரை இழுத்து வந்தோம். அவர் மணலில் வகுத்து வகுத்துப் பார்த்து, இது பகா எண், ஒன்றாலும் தன்னாலுமன்றி எதனாலும் மீதியின்றி வகுபடாது என்றார். இன்னும் பெரிய எண்களால் வகுத்துப் பார்க்குமாறு நக்கன் கெஞ்சினான். எண்பத்தெட்டுவரை பார்த்தாயிற்று, அதற்குமேல் ஒன்று வகுக்குமாயின் அதன் சோடியாகிய சிறிய எண் முன்பே அகப்பட்டிருக்கும் என்று சொல்லி அவர் கையை உதறிவிட்டார். எல்லோரையும் ஒரே வரிசையாய் அமர்த்தலாமென அளந்தும் பார்த்தோம். கடைசி இலை சுடுகாட்டில் விழுகிறது.

அழைக்கப்பட்டும் அமராதவர் ஒருவரே. அவர், மாந்தோப்புக் கூடாரத்தில் கோபித்துக்கொண்டு படுத்திருக்கும் தாங்களே. வரவேற்பு மாலையை நக்கன் தங்களுக்கு நீட்ட, தங்கள் யானை அதை வாங்கித் தின்றது மெய். பிழை நக்கனுடையது, யானைக்கும் அதில் சிறிது பங்குண்டு. தாங்கள் வந்தமர்ந்தால் தொண்ணூறு பேராய் எண்பத்தெட்டு வரிசை, இம்மியும் பிசகாது. வராவிடில் பொழுது சாய மணமும் நின்றுபோகும், நக்கனின் பதவியும் போகும்.

இவற்றையெல்லாம் தங்கள் தேவியார் வெறும் இலைமுன் பசியோடிருந்து கேட்டார். பிறர் அனுப்பலாகாதேயன்றித் தாமாக எழுந்து போகத் தடையுண்டோ என வினவினார். தடையில்லை, ஒருவர் குறைந்தாலும் நூற்றேழு பேராய் எழுபத்துநான்கு வரிசை அமையும் என்று கணித வல்லார் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்படியாயின், மன்னர் வராவிடில் தாமே எழுந்து நேரே தமையனார் அரண்மனைக்குச் செல்வதாகவும், தாம் திரும்புவோமென மன்னர் காத்திருக்க வேண்டாமென்றும் தேவியார் அருளினார். பல்லக்குக்கு ஆள் போயிருக்கிறது.

ஆகவே பந்தி எப்படியும் ஒத்துவிடும். எங்கள் கவலையெல்லாம் இப்போது தங்களைப் பற்றியதே. ஓலை கொணரும் நக்கன் கையில் புதுமாலை உண்டு, ஆதலின் யானையைத் தொலைவில் கட்டுவிக்க வேண்டுகிறோம். பருப்பு ஆறுமுன் எழுந்தருள்க. இவ்வோலையின் தலைப்பில் உள்ளது எங்கள் மன்னரின் முத்திரை. அடியில் அழுந்தப் பதிந்திருப்பது தங்கள் தேவியாரின் கணையாழி.