பழ ஈயைப் ‘பய ஈ’ என்று எழுதிய பிழை குறித்து

அனுப்புநர்:
ம. காஸ்பர், வயது 66,
பழக்கடை, கச்சேரி ரோடு, மயிலாப்பூர்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள், சென்னை.

பொருள்: என் கடை வாசலிலுள்ள கூடையை வெள்ளிக்கிழமைக்குள் அகற்றும்படி வந்த உத்தரவை ஐந்து வாரம் நிறுத்திவைக்கக் கோருதல்.

கனம் ஐயா,

1. தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. காலை முழுதும் உட்கார்ந்து நானே படித்தேன். என் பெயருக்கு வந்த கடிதத்தை நானே படிப்பது இதுவே முதல் தடவை. ஆகவே கண்டித்து எழுதியிருந்தும் மனத்தாங்கல் இல்லை.

2. கூடையில் அழுகிய வாழைப்பழம் இருப்பது உண்மை. வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியை ஃப்ளோரன்ஸ் அம்மாள் சனிக்கிழமைதோறும் வந்து, அதில் மொய்க்கும் கடுகளவு ஈக்களைப் பாட்டிலில் பிடிக்கிறார். கண்ணாடிக் குழாயில் விட்டால் சில வெளிச்சத்தை நோக்கி ஓடுகின்றன. சில அசைவதே இல்லை. ஓடுகிறவற்றின் பிள்ளைகளும் ஓடுகின்றன. அடையாற்றுத் தோப்பில் பிடித்தவற்றில் சோம்பேறிகள் அதிகம். எங்கள் மயிலாப்பூரில் ஓடுகாலிகள் அதிகம். நாற்பது வருஷம் இவற்றை விசிறியால் விரட்டியவன் நான். எல்லாம் ஒன்றே என்றிருந்தேன். இப்போது சனிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கிறது.

3. பிழை என்னுடையது. கூடையை யாரும் தொடாதிருக்க நானே ஓர் அட்டை எழுதி மாட்டினேன். எழுதப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. நாங்கள் பழத்தைப் பயம் என்றே சொல்வோம். சொல்வதுபோலவே ‘பய ஈ, தொடாதே’ என்று எழுதிவிட்டேன். தங்கள் இன்ஸ்பெக்டர் அதைப் படித்து, காலரா ஈயோ என்று இரண்டடி பின்வாங்கினார். “இன்னா பெரியவரே, பயம்னு நீயே போர்டு மாட்டிக்கினு வியாபாரம் பண்றே?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கடமையைச் செய்தார், அவர்மேல் குறையில்லை.

4. அதே இடத்தில், அதே கூடையில் இன்னும் ஐந்து சனிக்கிழமை எண்ணினால்தான், மழைக்காலம் நெருங்கும்போது ஓடுகிறவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்று தெரியுமாம். ஒரு வாரம் தவறினாலும் அம்மாளின் ஏழு மாத உழைப்பு வீண். அதைச் சொல்லும்போது அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5. விற்கும் பழங்களை வலைத்துணியால் மூடிவிட்டேன். அட்டையையும் திருத்தினேன், ‘ழ’ மட்டும் சற்றுப் பெரிதாக வந்துவிட்டது.

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன் தயவுசெய்து உத்தரவை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். ஆறாம் வாரம் கூடையை நானே கொளுத்திவிடுகிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தாங்களும் வரலாம். எந்த ஈ ஓடும், எது உட்காரும் என்று குழாயில் விடுமுன் நான் ஒரு தடவையும் சரியாகச் சொன்னதில்லை. தாங்கள் சொல்லிப் பாருங்கள்.

மயிலாப்பூர்,
9-8-1948.

இப்படிக்கு,
ம. காஸ்பர்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)