"உன் பேக் காலியா தானே இருக்கு"

ஜன. 22, வியாழன்

இல்லடா, ஒரே பேக் தான். காலேஜுக்கு மாட்டிட்டுப் போன அதே பேக்.

எத்தன பேக்குன்னு தான் ஃப்ரெண்டு தினேஷு போன் பண்றப்பல்லாம் கேக்கறான். மணாலிக்கு மேல ஒரு டென்ட் கேம்ப்ல சமையக்கட்டு வேல அவனுக்கு. எனக்கும் சொல்லி வச்சிருக்கான். ரோடு முடிஞ்சப்புறம் பனில நடந்தே ஏறணுமாம். "நாலு கிலோவுக்கு மேல கொண்டாந்த, பாதி வழில நீயே தூக்கி வீசுவ மச்சான்."

அவனுக்கு வெயிட்டு கவல. எனக்கு வேற. பேக் பெருசா இருந்தா வீட்ல கேள்வி வரும். ஞாயித்துக்கெழம திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பாக்கறவங்களுக்கு ஒரு ராத்திரி தங்கற பேக். எனக்கு ஆறு மாசம் ஓடணும்.

காலைல செம பனி. எதுத்த வயல்ல அறுப்பு மிஷின் சத்தம்.

உள்ள போனது: டி-சர்ட் 2. ஜட்டி 3. சாக்ஸ். ஜெர்கின் (அமுக்கி அமுக்கி தேங்கா சைசுக்கு கொண்டாந்தாச்சு). சார்ஜர். ஆதார். சோப்பு பாதி. பிரஷ் பாதி. பேன்ட் கெடையாது, போட்டிருக்கறது தான். நோட்டும் கெடையாது, அதான் போன்ல எழுதறேன்.

நெல்லு மூட்ட நிறுக்கற மிஷின்ல வச்சுப் பாத்தேன். மூணு கிலோ சொச்சம். அப்பா பாத்துட்டாரு.

"என்னடா நிறுக்கற?"

"சும்மாப்பா."

"சும்மாவுக்கு எதுக்கு தராசு?"

ஜன. 23, வெள்ளி

அக்கா வந்தாச்சு, கொழந்தையோட. வந்த ஒடனே பாத்ரூம்லேந்து கத்தல். "எவன்டா சோப்ப கத்தியால வெட்டினது?"

எலின்னேன்.

"எலி ஸ்கேல் வச்சு கடிச்சுச்சா?"

மாமா போன். அம்மாவோட தம்பி, தஞ்சாவூர்ல டயர் கட. திங்கக்கெழமலேந்து நான் அங்க. என்ன ஒரு வார்த்த கேக்காம பேசி முடிச்சுட்டாங்க. காலேஜ விட்டது வீட்டுக்கும் மாமாவுக்கும் மட்டும் தான் தெரியும். மத்த சொந்தத்துக்கு நான் இன்னும் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். "விசேஷம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத தம்பி"ன்னு அம்மா.

மாமா கெட்டவரு இல்ல. ஆனா அந்தக் கல்லால ஒரு தடவ உக்காந்தா அவ்ளோதான். ரப்பர் வாசன இப்பவே மூக்குல ஏறுது.

பிளான்: ஞாயிறு மதியம் பந்தி ஓடறப்ப நழுவறது. பஸ்ல மாயவரம். அங்கேந்து ட்ரெயின், சென்னை. அப்புறம் வடக்க. சென்னை போய் அம்மாவுக்கு போன் பண்ணிக்கலாம்.

நேர்ல சொல்ல முடியாது. அழுதா நின்னுடுவேன்.

ஜன. 24, சனி

வேன்ல கட்டப்பையா ஏறுது. ஜவுளிக்கட பை, நகக்கட பை, காது அறுந்த பை. கால் வைக்க எடமில்ல. நான் ஒத்த பேக்கோட ஜம்முனு ஏறினேன். அங்க தான் மடத்தனம். நம்ம ஜனத்துக்கு நடுவுல சின்ன பேக் வச்சிருந்தா அது சின்ன பேக் இல்ல. காலி எடம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிட்டான். தொறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு.

அத்த: "தம்பி, உன் பேக் காலியா தானே இருக்கு, இந்த மாத்திர டப்பாவ வையி."

அக்கா: பால் பவுடர், கிலுகிலுப்ப.

அம்மா: அப்பாவோட புது வேட்டி. "கசங்காம மேல வையிப்பா."

ஒவ்வொரு தடவயும் ஜிப்ப நானே தொறந்தேன், கைய மறச்சுக்கிட்டு. ஜெர்கின் அடில. வேர்த்து ஊத்துது, தை மாசத்துல.

சாயங்காலம் திருக்கடையூர் லாட்ஜ்ல மாமா தோள்ல தட்டி, "நாளைக்கு சாப்ட்டு கை கழுவினதும் என் கார்லயே வந்துடு மாப்ள. திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு?"

போச்சு. பந்தில பக்கத்துலயே உக்காத்தி வச்சுக்குவாரு. இப்பவே கெளம்பறதுன்னு முடிவு. மத்தவங்க சாமானெல்லாம் எடுத்து கட்டில்ல வைக்கப் போறேன், அம்மா உள்ள வருது. கைல செவப்பு டப்பா. நாளைக்கு அப்பா கட்டப் போற புதுத் தாலி.

"ரூம்ல ஆளு வந்து வந்து போவுது. உன் பேக் தான் தோள விட்டு எறங்கறதே இல்ல." சைடு ஜிப்புல வச்சு, ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிடுச்சு.

திருப்பிக் குடுத்தா ஏன்னு கேக்கும். கட்டில்ல போட்டுட்டுப் போக முடியாது. எடுத்துட்டுப் போனா ஊரே சொல்லும், பெத்தவ தாலியத் தூக்கிட்டு ஓடினவன்னு.

லாட்ஜ் படில உக்காந்துட்டேன். தினேஷுக்கு மெசேஜ் போட்டேன்: வெயிட்டு கூடிடுச்சு. "எவ்ளோ?"ன்னான்.

ஜன. 25, ஞாயிறு

விடியறதுக்குள்ள கோயில். ரெண்டு பேரையும் உக்கார வச்சு, தலைக்கு மேல சல்லட பிடிச்சு, ஆளாளுக்கு கலசத் தண்ணி ஊத்தறாங்க. என் முற. தண்ணி பட்டதும் அப்பாவோட தோளு ஒடுங்கிடுச்சு. இவ்ளோ ஒல்லியா இருப்பாருன்னு தெரியாது.

தாலி டப்பாவ அய்யர்ட்ட குடுக்கப் போனேன். பேக் தூண் ஓரமா. திரும்பினா, அப்பா நனஞ்சு நடுங்கிட்டு வேட்டி தேடறாரு. என் பேக்ல. வேட்டியோட சேந்து ஜெர்கினும் வந்துடுச்சு. தேங்கா சைசு பொங்கி தலகாணி சைசு.

துண்டுல கையத் தொடச்சுட்டு தான் அதத் தொட்டுப் பாத்தாரு.

"எந்த ஊரு குளிருக்கு?"

"மணாலி."

"எப்ப?"

"மதியம். ட்ரெயின்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்ல."

திரும்ப உள்ள திணிச்சுப் பாத்தாரு. போகல. "எப்படிடா அடக்கின இத?" நான் தான் மடிச்சு அமுக்கினேன், அவரு ஜிப்ப இழுத்தாரு.

தாலி கட்டியாச்சு. மண்டபத்துல யாரோ ஒரு பெரியவரு, "பையன் கடசி வருஷத்துக்கு வந்துட்டானா?"

"படிப்ப விட்டுட்டான்"னாரு அப்பா. மாலையோட. மாமாவுக்கு பொற ஏறிடுச்சு.

அப்புறம் என் பேக்க எடுத்து அவரு தோள்ல மாட்டிக்கிட்டாரு. "போறத நான் தடுக்கல. ஆனா உங்கம்மாகிட்ட நீயே போய் சொல்லு. நேர்ல. அது வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

இப்ப பந்தி. அப்பா சாப்புடல, மண்டப வாசல்ல நிக்கறாரு. பட்டு வேட்டி, தோள்ல காலேஜ் பேக், ஆளாளுக்குப் பாத்து சிரிக்கறாங்க. ரசம் போயி மோரு வந்தாச்சு. பஸ்ஸுக்கு நேரமில்ல. அம்மா புதுப்பொடவைல, இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் ஒரு எலை காலியா. எனக்குப் போட்டு வச்சிருக்கு.

பாத்துடுச்சு. வா வான்னு கை காட்டுது.

போகணும்.