பாப்பாவின் லிஃப்ட்

என்னங்க,

பாப்பாவின் விளையாட்டுச் சமையலறை மேடையில், கழுவுதொட்டியாகக் கிண்ணம் பதிக்க உங்கள் தம்பி பெரிதாக அறுத்துவிட்ட ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். கிண்ணம் நிற்காமல் விழுகிறதே என்று நீங்கள் கத்தியதில், ரம்பத்தைப் போட்டுவிட்டுப் போனவர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

காலையில் 'தொப், தொப்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், உருளைக்கிழங்கை அந்த ஓட்டையில் போட்டு, கீழ்க்கதவைத் திறந்து எடுக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"கெழங்கு லிஃப்ட்ல எறங்குதும்மா! சித்தப்பா பண்ணிக் குடுத்தாரு."

அடுத்து எதை இறக்குவாளோ என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். உங்கள் வண்டிச் சாவியும் உள்ளேதான் கிடக்கிறது.

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல். சாயங்காலம் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். கதவை நீங்களே திறங்கள்.

பி.கு.: ஓட்டையைப் பற்றி முதலில் பாப்பா பேசட்டும். நீங்கள் அப்புறம் பேசலாம்.